ஆறாம் நாள் பனி கூடுதல்

காலையில் நான் செருப்பு மாட்டும் நேரத்தில் அம்மா வாசலுக்கு வந்து நிற்பாள். குனி என்று சொல்ல மாட்டாள், நானே குனிவேன். வலது முழங்கையின் உட்புறத்தை என் கழுத்தில் ஒட்ட வைத்து, இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படியே நிற்பாள். பிறகு "பனி இல்ல" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் படியிறங்கலாம். வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து இது ஒரு நாளும் தவறியதில்லை. எங்களுக்குள் சண்டை நடந்த நாட்களிலும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் வைப்பாள்.

எல்லா அம்மாக்களையும் போல உள்ளங்கையை வைத்துப் பார்க்க அவளால் முடியாது. தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறாள். காலையிலிருந்து மாலை வரை கை ஐஸுக்குள் கிடக்கும். விரல்களில் சூடு குளிர் தெரிவது எப்போதோ நின்றுவிட்டது. கொதிக்கிற சாயா கிளாஸை முழுக்கையால் பிடித்துக்கொண்டு ஆறுதலாகப் பேசுவாள், பார்க்கிற எனக்குத்தான் சுடும். சூடு தெரிகிற இடம் என்று அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த முழங்கை மடிப்புதான்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பனி என்றால் காய்ச்சல். அது மலையாளச் சொல். அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கம் இருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்த பிறகு, அவர்களுடைய தமிழுக்குள் எத்தனையோ மலையாளச் சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. வந்த சொற்கள் இருந்த சொற்களை வெளியே அனுப்பின. காய்ச்சல் போனது, பனி வந்தது. மலைமேல் வெள்ளையாக விழுகிற பனிக்கு எங்கள் வீட்டில் சொல்லே இல்லை. அதற்குத் தேவையும் வந்ததில்லை.

அப்பா வடிகால் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். போட்டால் வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டு இறங்குவார். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், மழை பிடித்த மாதத்தில், அவருக்கு எலிப்பனி வந்தது. அழுக்குத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து காலில் இருக்கும் கீறல் வழியாக ஏறும் காய்ச்சல் அது. முதல் மூன்று நாள் வேலைக்குப் போனார். நாலாம் நாள் படுத்தார். ஆறாம் நாள் பனி கூடியது, கண் மஞ்சளானது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த ஒன்பது நாளையும் அம்மா இன்னும் வரிசையாகச் சொல்வாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் எதையும் மறக்க மாட்டாள்.

அவருடைய வேலையை எனக்குத் தர வழி இருக்கிறது, பதினெட்டு ஆகட்டும் என்றார்கள். "அந்த ஓடைக்கு ஒருத்தரக் குடுத்தாச்சு. போதும்" என்று சொல்லிவிட்டாள் அம்மா. அதனால்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள், டிப்ளமோ முடித்த முதல் ஆள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு வேலைக்குப் போகிற முதல் ஆள். படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் எழுத்து இருபது வயதுக்கு மேல் நானாகப் படித்துக்கொண்டது. நாள்காட்டித் தாளிலும் மளிகைக்கடைப் பொட்டலத்திலும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

என் வேலை வல்லார்பாடத்தில், கன்டெய்னர் யார்டில். ஜங்கார் என்கிற பெரிய படகில் ஏறி அக்கரை போய், அங்கிருந்து பஸ். குளிர்ப்பெட்டிகளுக்கு நான் காவல். ரீஃபர் என்று சொல்வோம். பெரிய பெரிய பெட்டிகள், உள்ளே உறைந்த இறாலும் மீனும். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பக்கம் ஒரு சின்ன எண் பலகை உண்டு. அதில் மைனஸ் பதினெட்டு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். வரிசை முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து. வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நாள் முழுக்க மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு என்று எழுதுகிற ஆள் நான். பெட்டிக்குள் இருக்கிற குளிர் எனக்கு ஒரு எண், அவ்வளவுதான்.

ஒரு ஏப்ரல் மாதம், மதியம். யார்டில் இருக்கிற மெக்கானிக் சேட்டன் ஒரு காலிப் பெட்டியைச் சோதனைக்காக ஓடவிட்டிருந்தார். காலிப் பெட்டி மைனஸ் பதினெட்டுக்கு இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் சரக்கு ஏற்ற அனுப்புவார்கள். இறங்கியதும் கதவைத் திறந்து, "வாடா, ஒரு நிமிஷம் காஷ்மீர்" என்றார். நானும் கேட்டில் வேலை செய்கிற என் வயதுப் பையனும் உள்ளே போய் நின்றோம். சுவரோரம் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். நகக்கண்ணில் உப்பு மாதிரி வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரானது.

"இதுக்கே இப்படி நோக்கறான். ஒறிஜினல் கண்டா செத்துப் போவான்" என்றான் கேட் நண்பன்.

வெளியே வந்து அவன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். கார்கிலில் இருந்து தெற்கே போகிற ஒரு மலைப்பாதை. வண்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு கணவாயின் மேலே வந்து நிற்கிறது. கீழே இரண்டு மலைகளுக்கு நடுவில், நாலுவழிச் சாலையைப் போல அகலமாக, வளைந்து, வெள்ளையாக ஒன்று கிடக்கிறது. ஆறு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஓடவில்லை. மலையாளப் பாடப் புத்தகத்தில் அதற்கு ஹிமானி என்று படித்திருந்தேன். அன்று மாலை படகில் வரும்போது போனில் தேடி, தமிழில் அதன் பெயரைக் கண்டுபிடித்தேன். பனியாறு. எழுத்துக் கூட்டிப் படித்ததும் எனக்கே உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. காய்ச்சல் ஆறு.

மூன்று பேரும் போவது என்று முடிவானது. திட்டம் போடுவது என் தலையில். "நீதானே படிச்சவன்" என்றார் மெக்கானிக் சேட்டன். அவர் என்னைவிட அதிகம் படித்தவர். ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

அந்த நோட்டில் நான் எழுதாததே இல்லை. எர்ணாகுளத்தில் ரயில் ஏறினால் ஜம்மு எத்தனையாவது நாள். அங்கிருந்து ஸ்ரீநகர். ஸோஜி கணவாயில் எந்த நேரம் எந்தப் பக்கத்து வண்டியை விடுவார்கள். வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் அங்கே உயிரோடு இருக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். கார்கிலுக்குப் பிறகு சூரு பள்ளத்தாக்கு, ரங்துமில் ஒரு ராத்திரி, அடுத்த நாள் பென்ஸி கணவாய். அதன் மேலே நின்றால் அந்த ஹிமானி. பெயர் டிராங் டுரங்.

"ஸ்டார்ட் ஆகாத ஓட்டோ மாதிரி உண்டல்லோ பேரு" என்றான் கேட் நண்பன்.

வழியில் ஒரு ஊரின் பெயர் பனிக்கர். எங்கள் ஊரில் பணிக்கர் என்பது ஆள் பெயரோடு வரும் குடும்பப் பெயர், அதனால் அதைப் படித்ததும் கேன்டீனே சிரித்தது. "அவிடெ வரைக்கும் நம்ம பணிக்கர் சேட்டன்மார் எத்திட்டாங்களா? சாயாக்கடை உண்டா நோக்கு" என்றார் மெக்கானிக் சேட்டன். பிறகு ஒரு மாதம் யார்டில் என் பெயரே பணிக்கர்தான். "பணிக்கரே, எட்டாம் வரிசையில அலாரம் அடிக்குது!"

சாயா இடைவேளையில் நான் நோட்டைத் திறப்பேன். அவர்கள் இருவரும் பக்கத்தில் குனிந்து பார்ப்பார்கள். சாலையை நானே வரைந்திருந்தேன், வளைவுக்கு வளைவு. எங்கே நிறுத்தினால் ஆறு தெரியும், எங்கே கோதுமை வயல், எங்கே சாலைக்கு எதிரே இன்னொரு சின்னப் பனியாறு தொங்கிக்கொண்டிருக்கும் என்று குறித்திருந்தேன். அந்தப் பதினைந்து நிமிஷம்தான் அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்த நேரம். மலைகூட இரண்டாம் பட்சம். இரண்டு பேர் என் எழுத்தின் மேல் குனிந்து நிற்பது எனக்கு அதுவரை நடந்திராத ஒன்று.

முதலில் விலகியது மெக்கானிக் சேட்டன். அவர் மனைவிக்கு இரண்டாவது குழந்தை. "டாக்டர் சொன்ன தேதியும் உன் டிராங் டுரங்கும் ஒரே வாரம். ஞான் எங்க நிக்கணும், நீயே சொல்லு." நான் வாழ்த்து சொன்னேன். கேட் நண்பனுக்கு துபாயில் வேலை கிடைத்தது. அதை அவன் எனக்கு நேரில் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேருக்கான வாட்ஸ்அப் குழுவில், "கைஸ், விசா வந்நு" என்று போட்டான். கீழே மெக்கானிக் சேட்டன் ஒரு கேக் படம் போட்டார். நானும் ஒரு கேக் போட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ஸோஜி கணவாய் திறந்தாச்சு. ரங்தும் வரை வண்டி போகுது. இரண்டு நீல டிக் விழும். பிறகு அதுவும் ஒன்றானது.

தனியாகப் போவது என்று நான் தீர்மானித்ததாகச் சொல்ல முடியாது. ரயில் டிக்கெட் என்னுடையது மட்டும் ரத்தாகவில்லை, அவ்வளவுதான். லீவு கேட்டேன். ஜூன் கடைசி, பெருமழைக் காலம், யாரும் அந்த மாதத்தில் லீவு கேட்பதில்லை. உடனே கிடைத்தது. மிச்சம் இருந்தது அம்மாவின் சம்மதம். அது இல்லாமல் நான் படியிறங்க முடியாது என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

என்னிடம் ஒரு குணம் உண்டு, எதையும் முறையாகச் செய்ய வேண்டும். வாயால் சொன்னால் அம்மா பாதியில் எழுந்துபோவாள் என்று நினைத்து, வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு, பயணத்தில் என்றைக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதினேன். நான் இல்லாத நாட்களில் அவள் ஒவ்வொரு காலையும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். படித்துச் சொல்ல அடுத்த வீட்டுச் சேச்சி இருக்கிறார். அவருக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. ஆகவே தமிழை மலையாள எழுத்தில் எழுதினேன். என் போன்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். வீட்டுத் தமிழில் எழுதியிருக்கலாம். ஆனால் அப்போது நான் புதிதாகத் தமிழ் படித்தவன், நல்ல தமிழ்ச் சொல் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்த ஆசை.

தாளைச் சேச்சியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் ஜங்கார் இறங்கி வரும்போது மழை. எங்கள் சந்து முனையில் சேச்சி குடையோடு நின்றிருந்தார். எனக்காகத்தான்.

"மோனே, நீ எந்தா அதுல எழுதி வச்சது? உன் அம்மா மத்தியானத்துல இருந்து ஒண்ணும் கழிக்கல, ஒரு வாய் சோறுகூட இல்ல. ஷெட்டுக்கும் போகல."

"ஏன் சேச்சி?"

"நீ எழுதினதைத்தானே நான் வாயிச்சது." கையில் இருந்த தாளைக் குடைக்குள் பிடித்து மறுபடி படித்தார். மலையாளப் பெண்ணின் வாயில் என் தமிழ் இப்படி வந்தது: "நாலாம் நாள், உடம்பு சரியாக ஒரு பகல் படுத்திருப்பேன். அஞ்சாம் நாள், பனி தொடங்கும். ஆறாம் நாள், பனி கூடுதல். ஏழாம் நாள், முழுதும் பனிதான், போன் பேச முடியாது. எட்டாம் நாள்..." நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஒன்பதாம் நாளைக்கு நீ ஒண்ணும் எழுதல, மோனே."

ஒன்பதாம் நாள் கார்கிலில் இருந்து திரும்பும் பேருந்து. அது நிச்சயமாகவில்லை என்பதால் இடம் விட்டிருந்தேன்.

மழை குடையில் அடித்துக்கொண்டிருந்தது. தாளை அவர் கையிலிருந்து வாங்கி நானே ஒரு தடவை படித்தேன். மலையாள எழுத்து. கண் அதை மலையாளமாகத்தான் படித்தது. என் அப்பா இறந்த ஒன்பது நாளை என் கையெழுத்தில் நாள் வாரியாக எழுதி, பக்கத்து வீட்டு ஆளை விட்டு என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

வீட்டில் விளக்குப் போடாமல் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் குனிவதற்கு முன்பே எழுந்து வந்து முழங்கையை என் கழுத்தில் வைத்தாள். ஈரம். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"அம்மா, அது இந்தப் பனி இல்ல. அது வேற பனி."

"எத்தன பனிடா உண்டு? எலிப்பனி, டெங்குப்பனி, தக்காளிப்பனி. நான் காணாத பனியா?"

"தமிழ்ல பனின்னா... மேலேருந்து வெள்ளையா விழும்மா. குளிரா இருக்கும். மலையில. மஞ்ஞு, மஞ்ஞு."

"மஞ்சுவா? யாருடா அவ?"

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. கேலி செய்கிறாளா, நிஜமாகக் கேட்கிறாளா என்று புரியாமல் நின்றேன். விளக்கைப் போட்டேன். கண் வீங்கியிருந்தது, ஆனால் வாயோரம் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. தைரியம் வந்து நோட்டை எடுத்தேன். அந்த வீடியோவையும் காட்டினேன். வண்டி வளைந்து ஏறுவதை அக்கறையாகப் பார்த்தாள். கணவாயின் மேலே போய் நின்றதும், கீழே வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது ஐஸ்தானே?"

"ஆமா. ஐஸ்."

"ஐஸ் பாக்கவா மூணு நாள் ரயில்ல போற? நாளைக்கு ஷெட்டுக்கு வா, நூறு பெட்டி காட்டுறேன். கையையும் உள்ள விட்டுப் பாரு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் நிறுத்தினோம்.

"பனின்னு எழுதாத" என்றாள். "ஐஸ்னு எழுது. ஐஸ்னா போலாம்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு புதுத் தாள் எடுத்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். அஞ்சாம் நாள் ஐஸ் தொடங்கும். ஆறாம் நாள் ஐஸ் கூடுதல். பனியாறு என்று இருந்த இடத்தில் ஐஸாறு. உடம்பு சரியாக ஒரு பகல் படுத்திருப்பேன் என்பதை, ஸ்ரீநகரில் ஒரு பகல் ரெஸ்ட் என்று மாற்றினேன். ஒன்பதாம் நாளுக்கு நேரே, நிச்சயமாகாத பேருந்தை நிச்சயமாக்கி எழுதினேன். இரண்டு வருஷமாக மெனக்கெட்டுப் படித்த தமிழில் என்னிடம் இருந்த ஒரே பெரிய சொல்லை அன்று என் கையாலேயே அடித்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. நண்பர்களுக்கு அந்தத் தமிழ் தெரியாது, அம்மாவிடம் அதைச் சொல்லவே கூடாது.

கிளம்புவதற்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா மறுபடி கேட்டாள். இறால் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே, வேறு எதையோ கேட்பது போல.

"அங்க கழுத்து பாக்க யாரு உண்டு?"

"தெர்மாமீட்டர் வாங்கியிருக்கேன்மா."

"அது கேட்டாத்தானே சொல்லும். நீ கேக்கணும்னு உனக்கு யாரு சொல்லுவா?"

"கை வச்சுப் பாத்துக்குவேன்."

"தன் கைய தன் கழுத்துல வச்சா ஒண்ணும் தெரியாதுடா. ரெண்டும் ஒரே சூடுதானே. உங்கப்பா அப்படித்தான் மூணு நாளும் தொட்டுத் தொட்டுப் பாத்து, ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு வேலைக்குப் போனாரு." குழம்பில் இருந்த பெரிய இறாலை என் தட்டில் போட்டாள். "தன் பனி தனக்குத் தெரியாது."

நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பெட்டிகளின் சூட்டைப் பார்த்து எழுதுகிறவன் நான். என்னைப் பார்த்து எழுத உலகத்தில் ஒரே ஒரு முழங்கைதான் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. அந்த முழங்கையைத் தொட இங்கேயும் வேறு யாரும் இல்லை. பதினாலு நாள் அவளும் தனியாகத்தான் இருக்கப் போகிறாள். என் நோட்டில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

கிளம்புகிற அன்று விடாத மழை. வழக்கம்போலக் குனிந்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தாள். "பனி இல்ல" என்றாள். "போ."

பயணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. நோட்டில் இருந்தபடியே நடந்தது. அதுதான் வினோதமாக இருந்தது. நான் வரைந்த வளைவுகளில் வண்டி திரும்பியது, நான் குறித்த இடத்தில் ஆறு தெரிந்தது, கோதுமை வயல் பச்சையாக இருந்தது. கார்கிலில் ஷேர் டாக்ஸி ஒன்றில் பின்சீட்டில் இடம் கிடைத்தது. என்னோடு ஆறு பேர். அவர்கள் எல்லாரும் ஊர் திரும்புகிறவர்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். அவர்களுடைய பாஷை எனக்குத் தெரியாது, என் இந்தி அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு பெரியவர் என் கையில் ஒரு பிடி உலர்ந்த ஆப்ரிகாட் பழம் வைத்தார். நன்றி சொன்னேன். அதோடு பேச்சு தீர்ந்தது. பனிக்கர் வந்ததும் நான் சட்டென்று நிமிர்ந்தேன். பெயர்ப் பலகையைப் பார்த்து எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். போகவில்லை, சிக்னல் அதற்கு முன்பே போயிருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ரங்துமில் தங்கின ராத்திரி அம்மாவுக்குப் பேச முடியவில்லை. அது ஆறாம் நாள். இப்போது மட்டாஞ்சேரியில் சேச்சி தாளைப் படித்திருப்பார், ஐஸ் கூடுதல் என்று. அம்மா அதைக் கேட்டிருப்பாள். என்ன சொல் போட்டு மூடினாலும் ஆறு ஆறுதானே. கம்பளிக்குள் படுத்துக்கொண்டு தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வைத்தேன். சரியாக இருந்தது. எழுதி வைத்தேன்.

ஏழாம் நாள் காலை பென்ஸி கணவாயில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பத்து நிமிஷம் என்று விரல்களைக் காட்டினார். மற்றவர்கள் இறங்கவில்லை, அவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்தது. நான் மட்டும் இறங்கினேன். பாதையோரம் முழங்கால் அளவு பனி. சின்ன ஏரி ஒன்று. அதைத் தாண்டி நடந்ததும் கீழே அது கிடந்தது.

வீடியோவில் வெள்ளை. நேரில் அழுக்கும் உண்டு. நடுவில் கறுப்புக் கோடுகள், லாரி போன தடம் மாதிரி. இரண்டு மலைக்கு நடுவில் வளைந்து, கீழே வந்து சாம்பல் நிறத் தண்ணீரில் முடிந்தது. அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு சத்தமில்லாமல் இருப்பதை நான் பார்த்ததில்லை. யார்டில் ஒரு பெட்டி குளிராக இருக்க எவ்வளவு இரைச்சல் போட வேண்டியிருக்கிறது. இதற்கு ஒயர் இல்லை, எண் பலகை இல்லை. குனிந்து பாதையோரப் பனியை அள்ளினேன். நகக்கண்ணில் ஏறியது. "எந்தா பணிக்கரே!" என்று யாராவது பின்னால் இருந்து கத்தினால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். வண்டியின் கண்ணாடிகள் மூடியிருந்தன. பத்து நிமிஷம் இருந்தது என்றாலும் ஆறாவது நிமிஷத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கணவாய்க்கு அப்பால் முதல் ஊரில் வண்டி மாறி, அதே பாதையில் திரும்பி, மறுநாள் சாயங்காலம் கார்கில் வந்தேன். ஊர் எல்லையிலேயே போன் துடித்தது. தவறிய அழைப்புகள் எல்லாம் சேச்சியின் எண்ணில் இருந்து. கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடை ஓரமாக நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள். பின்னால் மழைச் சத்தம்.

"பனி உண்டாடா?"

என் பூட்ஸ் இன்னும் ஈரமாக இருந்தது. கண்ணை மூடினால் வெள்ளைதான் தெரிந்தது.

"இல்லம்மா" என்றேன். "பனி இல்ல."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நீளமாக வெளியே போனது. சேச்சியிடம் திரும்பி, "இல்லயாம், இல்லயாம்" என்று சொன்னது கேட்டது. பிறகுதான் அவளுக்கு மற்றது ஞாபகம் வந்தது.

"ஐஸ் கண்டியா?"

"கண்டேன்மா."

"எப்படி உண்டு? ஷெட்டுல உள்ளது மாதிரிதானே?"

"ஆமா. கொஞ்சம் பெருசு."

"ம். பழையதா இருக்கும்" என்றாள். "சாப்பிட்டியா?"

சாப்பிடப் போகிறேன் என்றேன். வைத்துவிட்டாள். கடைக்காரர் அடுப்பில் இருந்து ரொட்டிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, நான் அதைக் கவனிக்கவில்லை. வலது கையை எடுத்து என் கழுத்தில் வைத்து, இரண்டு மூச்சு விடும் நேரம் நின்றேன்.

ஒன்றும் தெரியவில்லை.